அலமு வீட்டுக்குப் போகும் இறக்கம்

ஜூன் 2, 1968. ஞாயிறு

மறுபடியும் துரு. போன ஞாயிறுதான் சைக்கிள் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தேன். ஏழே நாளில் ரிம் செம்மண் பூசியதுபோல் ஆகிவிட்டது. கடல் தள்ளி இருக்கிறது என்றுதான் பெயர், உப்பு வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. கதவுக் கீல், தையல் மெஷின், அரிவாள்மனை, இவருடைய ஸ்பானர்கள், என் பிரசவப் பெட்டியின் பூட்டு என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய் காட்ட வேண்டும். எனக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கு, இரும்புக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தீவில், எங்கள் புரோத்ராபூரில் எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

நேற்று அபர்தீன் பஜாரில் நூர்முகம்மது அண்ணன் சைக்கிள் கடைக்குப் போனேன். ரிம்மை விரலால் சுண்டிப் பார்த்தார். "இதுல இனிமே உசிரு இல்ல தங்கச்சி. ரெண்டு சக்கரமும் மாத்தணும்" என்றார். மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் இருக்கும் அவர் தம்பியிடம் இரண்டு விதமான சாமான் இருக்கிறதாம். ஒன்று, இப்போது இருப்பதுபோலவே இரும்பு ரிம், ராடு பிரேக். மற்றது சீமையிலிருந்து வந்த அலாய் ரிம். அலுமினியத்தோடு வேறு ஏதோ கலந்து உருக்கியதாம். அதற்கு ராடு பிரேக் பொருந்தாது, கேபிள் பிரேக்தான் போட வேண்டும். என் ராடு பிரேக்கின் கட்டைகள் சக்கரத்துக்குள்ளே இருந்துகொண்டு ரிம்மைப் பிடிக்கின்றன. கேபிள் பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் இரண்டு விலாவையும் இடுக்கிபோல் பிடிக்குமாம்.

வியாழக்கிழமை கப்பலில் அவர் கடிதம் போகிறது. அதற்குள் நான் சொல்ல வேண்டும். தவறினால் அடுத்த கப்பல் எப்போது என்பது கப்பல் கம்பெனிக்கே தெரியாது.

ஜூன் 3, திங்கள்

நான் மிட்வைஃபாக இருக்கும் டிஸ்பென்சரிக்கு அலமு வந்திருந்தாள். நாலாவது மாதம். கார்த்திகை பிறந்ததும் பிரசவம் இருக்கும் என்றேன். கணக்குப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கார்த்திகையில மழை இருக்குமேக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். போன வருஷம் ஜூலையில் அவள் புருஷன் சண்முகம் மழையில் ஓடி வந்து கூப்பிட்டான். அவர்கள் இருக்கும் வயல் குடியிருப்புக்கு நாலு மைல், நடுவில் இரண்டு செங்குத்தான இறக்கம். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பிடிக்காது. அதனால் இரண்டு இறக்கத்திலும் சைக்கிளை விட்டு இறங்கி, பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அதில் இருபது நிமிஷம் போயிற்று. நான் உள்ளே நுழைந்தபோது குழந்தை பிறந்திருந்தது, கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியபடி. ஊதிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். பத்து நிமிஷம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கும் தெரியும் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

ஜூன் 4, செவ்வாய்

இவரிடம் கேட்டேன். ஃபீனிக்ஸ் பே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர், பதினான்கு வருஷமாக இரும்போடுதான் குடித்தனம். என்ன சொல்வார் என்று தெரிந்தே கேட்டது என் புத்தி.

"சோறு பொங்குத சாமான்ல சக்கரமா? ஏட்டி, இரும்பு வளைஞ்சா ஒரு கல்ல எடுத்துத் தட்டி நிமித்திட்டு வீடு வந்துரலாம். அது ஒடிஞ்சா என்ன செய்வ? அடுத்த கப்பல் வரைக்கும் சக்கரத்தத் தலையில வச்சிக்கிட்டு நடப்பியா?"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தத் தீவில் எதுவும் கெட்டுப்போனால் தட்டி நிமிர்த்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், புதிதாக வாங்கக் கடை இல்லை. நூர் அண்ணனே சொன்னார், அந்த ரிம் ஒடிந்தால் மாற்று இங்கே எவனிடமும் கிடையாது என்று.

மனசு ஒரு நிலைக்கு வராததால் பின்கட்டில் ஒரு சோதனை வைத்தேன். பழைய ரப்பர் செருப்பின் குதிகாலை அறுத்து எடுத்தேன். சைக்கிளின் முன்சக்கரத்தில் தண்ணீர் ஊற்றி அதை அழுத்தி இழுத்தேன். சோப்புக்கட்டிமேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. அலுமினியச் சட்டி மூடியை நனைத்து அதன்மேல் இழுத்தேன். கீச்சென்று கத்திக்கொண்டு நின்றது. பத்து தடவை இழுத்தும் அப்படியேதான்.

இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சட்டி மூடிக்கு பிரேக் போட்டாச்சி. எந்த ஊருக்குப் பயணம்?" என்றார். மூடியைத் துடைத்துச் சட்டியில் வைத்தேன். கார்த்திகைக்கு என்று சொல்லியிருக்கலாம்.

ஜூன் 5, புதன்

அலாய். சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒடிந்தால் ஒடியட்டும். நிற்காத சக்கரத்தைவிட ஒடிகிற சக்கரம் மேல்.

ஜூன் 25, செவ்வாய்

கப்பல் இன்னும் மெட்ராஸிலேயே நிற்கிறதாம். வங்காளிக் குடியிருப்பில் இரண்டு பிரசவம். பழைய சக்கரத்தை நம்ப முடியாமல் இரண்டுக்கும் நடை.

ஜூலை 6, சனி

செவ்வாயன்று கப்பல் வந்தது. இன்று மாட்டியாயிற்று. நூர் அண்ணன் ரிம்மை ஒரு விரலில் தொங்கவிட்டுக் காட்டினார். வெள்ளை வெளேரென்று, புது எவர்சில்வர் பாத்திரக் கடையில் நிற்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு போக்ஸ் கம்பியாகக் கோத்து, சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக் கோட்டம் பார்த்தார். அவசரமே இல்லாத மனுஷன்.

"இதுக்குத் துரு பிடிக்காது. ஈரத் துணியால தொடச்சாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்" என்றார். துரு பிடிக்காத சாமானா, இந்த ஊரிலா என்று சிரித்தேன்.

சைக்கிள் பாதி எடை ஆனதுபோல் இருக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் வந்தேன். இவர் ரிம்மைத் தட்டிப் பார்த்தார். பார்த்ததும் நிறைய நேரம்.

ஜூலை 18, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும். கொட்டுகிற மழையில் வயல் குடியிருப்புக்குப் போனேன், நீலாவதிக்குப் பிரசவம். முதல் இறக்கத்தில் பழக்கத்தில் கால் கீழே இறங்கப் பார்த்தது. இறங்கவில்லை. பாதி வழியில் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். நின்றது! மழையில், இறக்கத்தில், சைக்கிள் நின்றது. நடு ரோட்டில் நின்றுகொண்டு நான் ஒருத்தி பைத்தியம்போல் சிரித்தேன். எதிரே மாட்டை ஓட்டி வந்த வங்காளிக் கிழவர் "க்யா ஹுவா, தீதி?", என்ன ஆச்சு அக்கா என்று பயந்துபோய்க் கேட்டார்.

நாற்பது நிமிஷத்தில் போய்விட்டேன். ஆண் குழந்தை. அதன்பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து பேசிவிட்டு வந்தேன்.

டாக்டர் கிருஷ்ணமூர்த்தியிடம் சொன்னேன். மற்ற இரண்டு மிட்வைஃப், மெஹர்பானுவுக்கும் அன்னம்மாளுக்கும், இதே சக்கரம் போட்டுக் கொடுக்கலாம் என்று சம்மதித்துவிட்டார். தபால்காரர் சிராஜும் கேட்டிருக்கிறார். நூர் அண்ணன் ஆறு ஜோடிக்கு எழுதிவிட்டாராம். அலமுவுக்கு நானே ஆள் அனுப்பிச் சொன்னேன், பயப்படாதே என்று. கொஞ்சம் கர்வமாகத்தான் சொல்லியனுப்பினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மூன்று வாரத்துக்குப் பிறகு வெயில்! தெரு முழுக்க இரும்புக்கு வெயில் காட்டுகிற நாள். வாசலுக்கு வாசல் சாக்கு விரித்து மண்வெட்டி, கத்தி, கடப்பாரை, சைக்கிள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. ஆளுக்கொரு கிண்ணம் தேங்காய் எண்ணெய், ஆளுக்கொரு பழந்துணி. எதிர்வீட்டு சொக்கலிங்கம் துப்பாக்கி வைத்திருக்கிறவர்போல் தன் ஒரே ஒரு அரிவாளை ஒரு மணி நேரம் துடைத்தார்.

நானும் உட்கார்ந்தேன். கத்தரிக்கோல், அரிவாள்மனை, தையல் மெஷின், பிறகு சைக்கிள். செயின், ஃபோர்க், போக்ஸ் கம்பி, ரிம் என்று ஒன்று விடவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் துணியை வைத்துப் பிடித்தேன். வெயிலில் கண்ணாடிபோல் மின்னியது. தெருவிலேயே என் சைக்கிள்தான் அழகு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். வலது கை இருக்கிறது, எழுதுகிறேன்.

நேற்றுக் காலை வயல் குடியிருப்பிலிருந்து ஜெகநாதனின் ஆள் வந்தான், மருமகளுக்கு வலி என்று. புறப்பட்டேன். மழைகூட இல்லை. முதல் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினேன். பிடிக்கவில்லை. கை நோக அழுத்தினேன். சக்கரம் அதுபாட்டுக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. கீழே வளைவில் மதகு இருக்கிறது. மதகில் மோதுவதா, மேட்டில் மோதுவதா? மேட்டில் திருப்பினேன்.

முன்சக்கரம் வளைந்து, ரிம்மில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. கையைப் புடவைத் தலைப்பில் கட்டிக்கொண்டு மிச்சத்தை நடந்தேன். ஒரு கை என்னுடையது, ஒரு கை ஜெகநாதன் மனைவியுடையது, அப்படித்தான் அந்தப் பிரசவம் நடந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். தெய்வம் இருக்கிறது.

ஆனால் அந்த ரிம்! நம்பினேனே. அலுமினியச் சட்டியை நம்பி ஒரு கர்ப்பிணிக்கு வாக்குக் கொடுத்தேனே. இவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். இவர் போய் வளைந்த சைக்கிளைத் தோளில் தூக்கி வந்து பின்கட்டில் சாய்த்தார், என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

ஆபீஸுக்கு விபத்து அறிக்கை எழுதிக் கொடுத்தேன். "சக்கரம் இலேசான உலோகத்தால் ஆனதால் பிரேக் பிடிக்கவில்லை." மூன்று தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னேன். சிராஜிடமும் சொன்னேன். சிராஜிடம் சொன்னால் தபாலோடு சேர்ந்து ஊர் முழுக்கப் போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

சாயங்காலம் நூர் அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறார், வேர்வை. கையைப் பற்றி விசாரித்தார். பிறகு, "சைக்கிளை ஒரு தடவை பாக்கலாமா தங்கச்சி? நல்ல ரிம்மு, அது ஏன் பிடிக்காமப் போச்சுன்னு…" என்றார்.

"பாக்க ஒண்ணுமில்ல. சட்டி மூடியச் சக்கரம்னு வித்தா இப்படித்தான் ஆவும்" என்றேன்.

மனுஷர் முகம் கறுத்துவிட்டது. வாழைப்பழத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டு, வந்த வழியே போனார். பழத்தை நான் தொடவில்லை. இவர் தின்றார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

என் அறிக்கையைப் பார்த்து டாக்டர் போட்ட ஆர்டர் வந்துவிட்டது. மிட்வைஃப்கள் யாருக்கும் இனி சைக்கிள் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான். கப்பலில் ஆறு ஜோடி அலாய் ரிம் வந்து இறங்கியதாம், ஒருவரும் வாங்கவில்லை, கடைச் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன என்று மெஹர்பானு சொன்னாள். அவளுக்கு என்மேல் வருத்தம். அவள் வட்டாரம் என்னுடையதைவிடப் பெரிது.

செப்டம்பர் 2, திங்கள்

அலமு வந்தாள். நாலு மைல் நடந்தே வந்திருக்கிறாள், ஏழு மாதம் ஆகிறது. என் மாவுக்கட்டைப் பார்த்தாள். "நடந்து வந்துருவியளாக்கா?" என்றாள். வருவேன் என்றேன். நடந்தால் ஒன்றேகால் மணி நேரம், மழையில் ஒன்றரை. இது எனக்குத் தெரிந்ததைவிட அவள் காலுக்கு நன்றாகத் தெரியும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கட்டு அவிழ்த்து இரண்டு நாளாகிறது. கை மெலிந்து வேறு யாருடைய கையோ போல் இருக்கிறது.

இன்று வெயில். தெருவில் மறுபடி சாக்கு விரித்துவிட்டார்கள். நானும் கிண்ணத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன், நல்லதோ கெட்டதோ அதற்கும் துரு பிடிக்குமே என்று. ஆறு வாரமாக அந்தச் சைக்கிளை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முன் பிரேக் கட்டையைத் துணியால் துடைத்தேன். துணியில் கறுப்பாக, கொழகொழவென்று வந்தது. மோந்து பார்த்தேன். சிக்கு வாடை. பழைய தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை. ரிம்மின் விலாவில் விரலை வைத்தேன், எண்ணெயில் புழுதி ஒட்டிப் பசையாக இருந்தது. இரண்டு பக்கமும். பின்சக்கரத்திலும்.

கையில் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பழைய ராடு பிரேக் உள்பக்கம் பிடிக்கும். விலாவில் எத்தனை எண்ணெய் பூசினாலும் அதற்குக் கவலையில்லை. பத்து வருஷமாகப் பூசியிருக்கிறேன். புது பிரேக் பிடிப்பதே விலாவில்தான். நான் பூசியதும் விலாவில்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, துணியை அழுத்திப் பிடித்து, தெருவுக்கே அழகு காட்டினேனே! துருவே பிடிக்காத சாமானுக்குத் துருவுக்கு எண்ணெய். ஒண்ணும் வேணாம்னு அந்த மனுஷன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. ஐயோ, என் புத்தி எங்கடி போச்சு?

பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆகஸ்ட் 4. "ஒன்று விடவில்லை." என் கையெழுத்துதான்.

செப்டம்பர் 16, திங்கள்

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்குத் தூக்கிட்டு வரும்போதே தெரியும். என் தோள்ல எல்லாம் எண்ணெய்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"கை ஒடிஞ்சி கெடக்கவகிட்ட சொல்லுததா?"

"சரி, பொறவு? ஆறு வாரம் இருந்திச்சே?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, "இரும்புதான் நல்லதுன்னு நான் சொன்னது ஜெயிச்ச மாதிரி இருந்திச்சி. விட்டுட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்த வாயைத் திறந்தேன். என்ன சொல்லிக் கத்துவது? அவர் தெரிந்ததைச் சொல்லவில்லை. நான் தெரியாததை ஊர் முழுக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 18, புதன்

இதை யாரும் கேட்கப்போவதில்லை. அறிக்கை ஃபைலுக்குள் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பொம்பளைக்கு சைக்கிள் கொடுத்தால் இப்படித்தான், பிரேக்குக்கு எண்ணெய் போடுவாள் என்று ஆபீஸே சிரிக்கும். என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறும். சொல்லாவிட்டால் மெஹர்பானு நடப்பாள், அன்னம்மாள் நடப்பாள், அந்த மனுஷர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. என் முன்சக்கரத்து ரிம் வெடித்துவிட்டது. அதற்கு மாற்று இந்தத் தீவுகளில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, நான் வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பிய ஆளின் கடைச் சுவரில். அப்படியானால் ரிம் வேண்டும் என்றுதான் நல்லவளாகப் போகிறேனா? நேற்றிலிருந்து இதையே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அலமுவுக்கு இன்னும் இரண்டு மாதம்.

செப்டம்பர் 21, சனி

முதலில் டாக்டரிடம் போனேன். இரண்டாவது அறிக்கை, அரைப் பக்கம். "தவறு சக்கரத்தினுடையது அல்ல. ரிம்மின் மீது நான் எண்ணெய் தடவியதால் பிரேக் பிடிக்கவில்லை."

படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இத ஃபைல்ல வெச்சா உன் புஸ்தகத்துல ஏறுமேம்மா. யோசிச்சுண்டுதான் எழுதினியா?"

"ஏறட்டும் சார். அந்த ஆர்டர மட்டும் மாத்துங்க. அவங்க ரெண்டு பேருக்கும் சைக்கிள் குடுங்க."

"உனக்கு?"

கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அப்படியும் இப்படியும் மடக்கிப் பார்த்தார். "இன்னும் ஒரு மாசம் போகட்டும். எலும்பு பலமாச்சுன்னு நானே பார்த்து எழுதறேன்" என்றார். கதவருகில் போனதும் பின்னால் ஆபீஸ் மேஜைகளிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கேட்கட்டும்.

செப்டம்பர் 26, வியாழன்

பஸ்ஸில் அபர்தீன் போனேன். ரிம்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின, பன்னிரண்டும். நூர் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு ஒரு டியூபை ஒட்டுவதில் மும்முரமானார். நின்றுகொண்டே சொன்னேன். எண்ணெய், விலா, ஆகஸ்ட் 4, எல்லாம். கடைசியில், "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"நான் அன்னைக்குச் சைக்கிளைப் பாக்கணும்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டிய."

"ஒரு நிமிசம் பாத்திருந்தா சொல்லியிருப்பேன். என் வாழைப்பழத்தயாவது தின்னீங்களா?"

"இல்ல. அவரு தின்னாரு."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்கிட்ட தனியா வந்து சொல்லி என்ன பிரயோசனம்? நீங்க பேசினது பஜார் பூரா. நாளைக்கு ஜும்மா தொழுகை முடிஞ்சு ஆளுங்க வருவாங்க. அப்ப வந்து இதையே சொல்லுங்க. ஹிந்தியில சொல்லுங்க, எல்லாருக்கும் வெளங்கணும்."

ரிம் கேட்காமலே திரும்பினேன். அது ஒன்றுதான் இன்றைக்கு நான் சரியாகச் செய்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

சொன்னேன். என் ஓட்டை ஹிந்தியில், இருபது முப்பது பேருக்கு முன்னால். "ரிம் அச்சா ஹை. கல்தி மேரா ஹை. மைனே தேல் லகாயா." ரிம் நல்லதுதான், தப்பு என்னுடையது, எண்ணெய் தடவியது நான் என்று. முகமெல்லாம் எரிந்தது. சிராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"யக்கா, நானும் அதத்தான் பண்ணியிருப்பேன். இந்த ஊர்ல எண்ணெ தடவாம யாரு சைக்கிள் வெச்சிருக்கா?"

பின்னால் ஒரு தெலுங்குக்காரர், "ஹம் பீ", நானும்தான் என்றார். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நூர் அண்ணன் ரிம்மைக் கையில் எடுத்து, எங்கே எண்ணெய் போடலாம், எங்கே கூடாது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். சிராஜ் ஒரு ஜோடியைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

நான் கிளம்பும்போது நூர் அண்ணன் சுவரிலிருந்து ஒரு ரிம்மையும் நான்கு புது பிரேக் கட்டையும் எடுத்து நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "பழைய கட்டை எண்ணெ குடிச்சிருக்கும், தூக்கிப் போட்டுருங்க. பின் ரிம்மைச் சோடாப்பு போட்டு வெந்நீர்ல கழுவுங்க" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை. நாளாகும்.

அக்டோபர் 6, ஞாயிறு

மூன்று சாயங்காலமாக இவர் அந்த ரிம்மோடு உட்கார்ந்திருக்கிறார். நான் கேட்கவில்லை, அவராகவே எடுத்தார். ஒவ்வொரு கம்பியாகக் கோத்து, கால் திருகு, அரைத் திருகு என்று முறுக்கி, சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். "இரும்ப மாதிரி இத அடிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் சமமா இழுத்துப் பிடிக்கணும்" என்று எனக்கே பாடம் நடத்துகிறார்.

இன்று தெருவில் சாக்கு விரித்தார்கள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். "ஏ, அத இங்கன கொண்டு வராத!" என்று சைக்கிளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

அக்டோபர் 24, வியாழன்

டாக்டர் கையை மடக்கிப் பார்த்தார், எனக்கும் சைக்கிள் என்று எழுதினார். மெஹர்பானுவுக்கும் அன்னம்மாளுக்கும் சக்கரம் மாட்டியாயிற்று. என் சர்வீஸ் புத்தகத்திலும் இரண்டு வரி ஏறியாயிற்று.

நவம்பர் 11, திங்கள்

நாலு நாளாக விடாத மழை. இரண்டு இறக்கத்திலும் தினம் ஒரு தடவை போய் நிறுத்திப் பார்த்துவிட்டு வருகிறேன். இவருக்குத் தெரியும்.

நவம்பர் 19, செவ்வாய்

விடிந்து சற்று நேரத்தில் சண்முகம் வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். பெட்டியை கேரியரில் கட்டினேன். அவனை நடந்து வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மழை கண்ணை மறைத்தது. முதல் இறக்கம், பிடித்தது. மதகுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது இறக்கத்தில் பாதி ரோடு தண்ணீர், அங்கேயும் பிடித்தது. எங்கேயும் இறங்கவில்லை.

அலமு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு என் பின்னால் வாசலைப் பார்த்தாள், மழை பெய்கிறதா என்று சரிபார்ப்பதுபோல. "இவ்வளவு சீக்கிரமாவாக்கா?" என்றாள்.

கை கழுவினேன். வெந்நீர் வைத்தேன். கழுத்தில் கொடி இந்தத் தடவையும் சுற்றியிருந்தது, ஒரு சுற்று. விரலை விட்டுத் தளர்த்தித் தலைவழியாக எடுத்தேன். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பெண். கத்திய கத்தலில், அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்த சண்முகம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. இறக்கமெல்லாம் இப்போது ஏற்றம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நடந்தே வந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை.